சர்ஃபிட்: 'நிறைய' என்றால் பாதிதான் சொன்னதாகும்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாக எடுத்து வைத்துக்கொள்கிறேன். உயர்நிலை மூன்றில் படிக்கும் உங்கள் மகளுக்கு வந்த ஆங்கிலக் கருத்தறிதல் பகுதியில், அரண்மனைக்கு வந்த விருந்தினர்களை மூன்று நாளும் இனிப்பாலும் இசையாலும் 'சர்ஃபிட்' (surfeit) செய்தார்கள் என்றொரு வாக்கியம் இருந்திருக்கிறது. 'நிறையக் கொடுத்தார்கள்' என்று பொருள்பட அவள் எழுதிய விடைக்குப் பாதி மதிப்பெண்தான் கிடைத்தது. அகராதியிலும் 'மிகுதி' என்றுதானே இருக்கிறது, பிறகு எங்கே பிழை, இந்தச் சொல் எங்கிருந்து வந்தது, தமிழில் இதற்கு நேரான சொல் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மதிப்பெண் போட்டவர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். 'நிறைய' என்னும் சொல் கொடுத்தவர் எவ்வளவு கொடுத்தார் என்பதைச் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. சர்ஃபிட் அங்கே நிற்பதில்லை. வாங்கிக்கொண்டவருக்கு என்ன ஆயிற்று என்பதையும் சேர்த்தே சொல்கிறது. ஒருவருக்குப் பிடித்தமான ஒன்றை, அது பிடிக்காமல் போகும் அளவுக்குக் கொடுத்துக்கொண்டே இருப்பதுதான் வினைச்சொல்லாக வரும்போது அதன் பொருள். பெயர்ச்சொல்லாக வரும்போது, அப்படிக் கொடுக்கப்பட்ட மிகுதியையும் குறிக்கும், அந்த மிகுதியால் வரும் வெறுப்பையும் உடல் உபாதையையும் குறிக்கும். அளவு, விருப்பம், விருப்பம் வெறுப்பாக மாறும் அந்தத் தருணம் ஆகிய மூன்றும் ஒரே சொல்லில் இருப்பதால், அளவை மட்டும் எழுதிய விடைக்கு முழு மதிப்பெண் கொடுக்க முடியாது.

தீபாவளி முடிந்த மூன்றாம் நாள் காலையை நினைத்துப் பாருங்கள். சிங்கப்பூரில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் சமையலறை மேடையில் அன்று ஏழெட்டு டப்பாக்கள் அடுக்கியிருக்கும். அதே தளத்துக் குடும்பங்கள் கொடுத்தவை, தங்கை வீட்டிலிருந்து வந்தவை, சிராங்கூன் ரோட்டில் வாங்கியவை என்று எல்லாம் கலந்திருக்கும். முதல் நாள் நெய்யுருண்டை டப்பாவைத் திறந்தால் கை தானாக உள்ளே போயிற்று. மூன்றாம் நாள் அதே மூடியைத் திறந்ததும் அதே நெய் மணம் வந்து தொண்டையில் நிற்கிறது. உருண்டையின் மேல் வெள்ளையாகப் படிந்திருக்கும் மாவைப் பார்த்தாலே வாயில் ஒரு கனம் ஏறுகிறது. பலகாரம் கெட்டுப்போகவில்லை, ருசி குறையவில்லை. 'எனக்கு வேண்டாம்மா' என்று பிள்ளைகள் தட்டை உள்ளங்கையால் தள்ளுகிறார்களே, அந்தத் தள்ளலுக்குத்தான் ஆங்கிலத்தில் இந்தச் சொல் இருக்கிறது.

உச்சரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். எழுத்தைப் பார்த்துப் பலர் கடைசி அசையை நீட்டி 'சர்ஃபெயிட்' என்கிறார்கள். முதல் அசையை அழுத்தி, இரண்டாவதைக் குறிலாக விட்டு, 'சர்ஃபிட்' என்பதே சரி. போலிப் பணத்தைக் குறிக்கும் 'கவுண்ட்டர்ஃபிட்', உரிமை இழப்பைக் குறிக்கும் 'ஃபோர்ஃபிட்' ஆகிய சொற்களிலும் இதே கடைசி அசைதான் இருக்கிறது. அது தற்செயலும் அன்று. மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

அந்த வீடு பழைய பிரெஞ்சு. பழைய பிரெஞ்சில் 'செய்' என்னும் பொருளுடைய வினை 'ஃபேர்'; அதற்கு மூலம் லத்தீனின் 'ஃபாசெரே'. 'மேல்' என்னும் பொருளுடைய லத்தீன் 'சூப்பர்' பிரெஞ்சில் தேய்ந்து 'சுர்' ஆயிற்று. இரண்டும் சேர்ந்த 'சுர்ஃபேர்' என்பதற்கு மேலே செய்தல், அதாவது வரம்பு தாண்டிச் செய்தல் என்று பொருள். அதன் இறந்தகால எச்ச வடிவம் பெயராகி, 1300ஐ ஒட்டிய காலத்தில் ஆங்கிலத்துக்குள் வந்து சர்ஃபிட் ஆயிற்று. எதிராகச் செய்தது, அதாவது அசலுக்கு எதிரே நிறுத்திய நகல், கவுண்ட்டர்ஃபிட். சட்டத்துக்கு வெளியே போய்ச் செய்தது குற்றம். பிறகு அந்தக் குற்றத்துக்காக இழந்த பொருள் ஃபோர்ஃபிட். பிரெஞ்சு மொழியில் அந்த வினை இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒரு படத்தையோ உணவகத்தையோ தகுதிக்கு மேல் புகழ்கிறார்கள் என்றால் அதை 'சுர்ஃபே' என்பார்கள்.

முன்னால் நிற்கும் அந்த 'சர்' உங்கள் மகளுக்கு வேறு பல சொற்களையும் திறந்து காட்டும். மேல் முகம் 'சர்ஃபேஸ்', மேலாகச் சேர்ந்த பெயர் 'சர்நேம்', மேலதிகமாக மிஞ்சியது 'சர்பிளஸ்', மேலதிகக் கட்டணம் 'சர்சார்ஜ்', மேலிருந்து கவனித்தல் 'சர்வெய்லன்ஸ்'. ஆனால் 'சர்' என்று தொடங்கும் எல்லாவற்றையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது. அறுவை மருத்துவரைக் குறிக்கும் 'சர்ஜன்', கையால் செய்யும் வேலை என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அதற்கும் இதற்கும் உறவில்லை.

தமிழ் வாசகர்கள் அறிய வேண்டிய ஒன்று இங்கே இருக்கிறது. லத்தீன் 'சூப்பர்', கிரேக்க 'ஹைப்பர்', ஆங்கில 'ஓவர்', வடமொழி 'உபரி' ஆகிய நான்கும் ஒரே மூலத்தின் கிளைகள். வரவு செலவுத் திட்டச் செய்திகளில் 'உபரி' என்று நாம் நாள்தோறும் படிக்கும் சொல், சர்ஃபிட்டின் முதல் பாதிக்கு ஒன்றுவிட்ட உறவு. இரண்டாம் பாதியான 'ஃபாசெரே'க்கும் அப்படியே ஆங்கிலத்தில் 'டூ' என்னும் வினையும், வடமொழியில் 'வைத்தல்' என்று பொருள்படும் 'தா' என்னும் வேரும் உறவு. நாம் வழங்கும் நிதி, விதி, தாது ஆகிய மூன்றும் அந்த வேரில் முளைத்தவைதான். அப்படியானால் ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கான 'ஓவர்டூ' என்பதன் இரு பாதிகளும் சர்ஃபிட்டின் இரு பாதிகளுக்கு உடன்பிறந்தவை என்றாகிறது. ஒரே தாய்வழிச் சொற்கள் இரண்டு வெவ்வேறு ஊர்களில் வளர்ந்து ஒரே வீட்டில் வந்து சேர்ந்த இந்தக் காட்சியை நான் முதன்முதலில் கண்டபோது அடைந்த மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

வரம்பு தாண்டிச் செய்தல் என்னும் பொதுப் பொருள், திகட்டல் என்னும் குறுகிய பொருளுக்கு வந்து சேர்ந்த வழியும் சுவையானது. ஆரம்பத்தில் இந்தச் சொல்லுக்கும் சாப்பாட்டுக்கும் கட்டாயத் தொடர்பு இல்லை. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த, கவைன் என்னும் வீரனைப் பற்றிய ஆங்கிலக் கவிதையில், உயிருக்கு அஞ்சித் தான் மறைத்து வைத்துக்கொண்ட பச்சை அரைக்கச்சையை அவன் தன் 'சர்ஃபிட்'டின் அடையாளமாக அணிந்துகொள்வதாகச் சொல்கிறான். அங்கே அதன் பொருள் குற்றம், நெறி தவறுதல். ஆனால் மனிதர் அன்றாடம் வரம்பு தாண்டும் இடம் உணவுத் தட்டுதான். ஆகவே மெல்ல மெல்ல அச்சொல் அளவு மீறி உண்பதற்கும், அதன்பின் அதனால் வரும் நோய்க்கும் உரியதாயிற்று.

இந்த நோய்ப் பொருள் வெறும் உவமையாக இருந்ததன்று. 17ஆம் நூற்றாண்டு லண்டனில் வெளியிடப்பட்ட இறப்புப் பட்டியல்களில் கொள்ளைநோய், காய்ச்சல் முதலிய காரணங்களோடு சர்ஃபிட்டும் ஒரு காரணமாக இடம்பெற்றிருந்தது. வீடுகளில் பாப்பி மலர்களை ஊறவைத்து, 'சர்ஃபிட் நீர்' என்றே பெயரிட்டு, வயிற்றுக் கோளாறுக்கு வைத்திருந்தார்கள். நம் வீடுகளில் ஓமத் திரவப் போத்தல் இருப்பதைப் போல.

இந்தச் சொல்லோடு பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொண்ட இறப்பு, இங்கிலாந்து மன்னர் முதலாம் ஹென்றியுடையது. நார்மண்டியில் 1135 டிசம்பர் 1ஆம் தேதி அவர் இறந்தார். மருத்துவர் தடுத்தும் கேளாமல், தமக்கு எப்போதும் ஒத்துக்கொள்ளாத, ஆனால் மிகவும் பிடித்தமான லாம்ப்ரே என்னும் மீனை உண்டு நோயுற்றார் என்று அக்காலத்து வரலாற்றாசிரியர் ஹண்டிங்டன் ஹென்றி எழுதிவைத்தார். லாம்ப்ரே பார்ப்பதற்கு விலாங்கைப் போலிருக்கும். தாடை இல்லாமல் வட்டமாக உறிஞ்சும் வாய் கொண்டது. ஹண்டிங்டன் ஹென்றி எழுதியது லத்தீனில். பின்னால் வந்தவர்கள் அதை ஆங்கிலத்தில் 'லாம்ப்ரே சர்ஃபிட்டால் மன்னர் மாண்டார்' என்று சொல்லத் தொடங்கி, அத்தொடர் ஆங்கிலப் பள்ளிப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக ஒப்பிக்கும் வாசகமாயிற்று. இதில் கவனிக்க வேண்டியது, மன்னருக்கு அந்த மீன் பிடிக்கும் என்பதுதான். பிடிக்காத ஒன்றை யாரும் சர்ஃபிட் ஆகும் வரை உண்பதில்லை.

உணவிலிருந்து பிற இன்பங்களுக்கு இச்சொல்லை எடுத்துச் சென்றதில் ஷேக்ஸ்பியருக்குப் பெரும்பங்கு உண்டு. 1602இல் மேடையேறிய 'பன்னிரண்டாம் இரவு' நாடகத்தைத் தொடங்கிவைக்கும் ஓர்சினோ பிரபு, காதலுக்கு இசைதான் உணவென்றால் வாசித்துக்கொண்டே இருங்கள், அளவுக்கு மேல் கொடுங்கள், அது திகட்டி என் பசி நோயுற்றுச் செத்தொழியட்டும் என்கிறார். கேட்கும் இசையைத் தின்னும் பண்டமாக வைத்து, அதனால் பசியே மாண்டுபோக வேண்டும் என்று வேண்டுகிற அந்த இடத்தில், நோய், உணவு, விருப்பம் எல்லாம் ஒரே சொல்லுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டன. உங்கள் மகளின் பாடப்பகுதியில் 'இனிப்பாலும் இசையாலும்' என்று வந்திருப்பதற்கும் தொலைவில் இந்த நாடகத்தின் நிழல் இருக்கலாம்.

மிகுதியாகக் கொடுப்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் இன்னும் சில உண்டு. அவை ஒவ்வொன்றுக்கும் தனி முகம். 'கிளட்' என்பது விழுங்குதலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. பெருந்தீனிக்காரரைக் குறிக்கும் 'கிளட்டன்' அதன் இனம். இன்று அது பெரும்பாலும் சந்தைக்குரிய சொல். மலேசியத் தோட்டங்களில் டுரியான் மரங்கள் ஒரே நேரத்தில் காய்த்துத் தள்ளும் ஆண்டுகளில், கேலாங் கடைகளில் கூடை கூடையாக வந்திறங்கி விலை சரிகிறதே, அது கிளட். மலிவாகக் கிடைக்கிறதே என்று தொடர்ந்து ஐந்து மாலை டுரியான் தின்றவர் ஆறாவது நாள் அந்த மணம் வரும் தெருவைச் சுற்றிக்கொண்டு போனால், அது சர்ஃபிட். முன்னது கடைக்காரரின் கவலை, பின்னது தின்றவரின் அவதி. நாடு முழுவதும் எல்லாச் சரக்கும் ஒரே நேரத்தில் தேங்கிப்போக முடியுமா என்று 1820ஐ ஒட்டிய ஆண்டுகளில் பொருளியல் அறிஞர்களான மால்தஸும் ரிக்கார்டோவும் வாதாடியது கிளட்டைப் பற்றித்தான். அங்கே சர்ஃபிட் என்று போட்டால் பொருளே மாறிவிடும்.

'கிளாய்' என்னும் சொல்லைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். இனிப்பு திகட்டுவதற்கு இன்று வழங்கும் இச்சொல், ஆணி அடித்தல் என்னும் பழைய பிரெஞ்சு வினையிலிருந்து பிறந்தது. லாடம் அடிக்கும்போது ஆணி தவறிக் குதிரையின் குளம்புச் சதையில் இறங்கி அது நொண்டுவதையும், எதிரியின் பீரங்கித் துளையில் ஆணி அடித்து அதைச் சுட முடியாமல் செய்வதையும் அது குறித்தது. துளை அடைபட்டுப்போதல் என்னும் பொருளிலிருந்து வயிறு அடைபட்டுப்போதலுக்கு அது வந்தது. 'பிளெத்தரா' என்பது கிரேக்க மருத்துவச் சொல். உடலில் இரத்தம் மிகுந்துபோன நோய்நிலைக்கு அதுவே பெயர், அதற்கு மருத்துவம் இரத்தத்தை வடித்தெடுத்தல். இன்று பலர் அதை 'ஏராளம்' என்னும் நல்ல பொருளில் வழங்குகிறார்கள். இவை எல்லாவற்றிலும் என் மனத்தை அதிகம் தொட்டது, துயரத்தைக் குறிக்கும் 'சாட்' என்னும் மிக எளிய சொல். பழைய ஆங்கிலத்தில் அதற்குப் பொருள் 'வயிறு நிறைந்த, போதும் என்றான' என்பது. லத்தீனில் 'போதும்' என்னும் பொருளுடைய 'சாதிஸ்' அதற்கு உறவு. நிறைந்தது கனமாயிற்று, கனம் சோர்வாயிற்று, சோர்வு துயரமாயிற்று. திகட்டலுக்கும் துயரத்துக்கும் நடுவில் உள்ள வழியை ஒரு மூன்றெழுத்துச் சொல் நடந்தே கடந்திருக்கிறது.

இனி, தமிழுக்கு வருகிறேன். பல ஆண்டுகளாக இங்கே ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கும் வேலையில் இருப்பவன் நான். தொடக்க காலத்தில் ஒரு கையேட்டில், இளந்தாய்மாருக்கு நாலா பக்கமிருந்தும் வரும் அறிவுரைகளின் சர்ஃபிட்டைப் பற்றி ஒரு வரி வந்தது. நான் 'ஏராளமான அறிவுரைகள் கிடைக்கின்றன' என்று எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்த மூத்தவர் சிவப்பு மையால் அதைச் சுழித்து, ஓரத்தில் 'மூலத்தில் முகம் சுளிக்கிறது, இங்கே முகம் மலர்ந்திருக்கிறது' என்று எழுதித் திருப்பினார். எந்தத் தாய்மாருடைய மூச்சுமுட்டலை அந்த வரி சொல்ல வந்ததோ, அவர்களுக்கே அது 'உங்களுக்கு என்ன குறை' என்று சொல்வதாக மாறியிருந்தது. அந்தப் பிழையை நான் மறக்கவில்லை. அதனால்தான் உங்கள் கேள்விக்கு இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

'உபரி' என்றால் தேவை போக மிஞ்சியது; அதில் வெறுப்பு இல்லை, பல நேரம் மகிழ்ச்சியே உண்டு. 'மிகை' என்பது அளவையும், சில இடங்களில் குற்றத்தையும் சுட்டும். ஆயினும் வயிற்றைத் தொடாது. நேரான சொற்கள் 'தெவிட்டு', 'திகட்டு' என்னும் இரண்டும்தான். இவற்றில் இனிமை முதலில் இருக்க வேண்டும். கசப்பு ஒருபோதும் திகட்டுவதில்லை. பாகற்காய்க் குழம்பு திகட்டிவிட்டது என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. விருப்பத்தில் தொடங்கி வெறுப்பில் முடியும் அந்த முழு வளைவையும் தமிழ் தன் வினைக்குள்ளேயே வைத்திருக்கிறது. பழந்தமிழில் இதற்கு எதிர்நிலையைச் சொல்லவும் ஒரு சொல் இருந்தது. 'ஆர்தல்' என்றால் நிரம்ப உண்டு நிறைதல். நிறையவே நிறையாதது 'ஆரா'. திருவாய்மொழியில் நம்மாழ்வார் குடந்தைப் பெருமாளை 'ஆரா அமுதே' என்று அழைத்தார்; எவ்வளவு பருகினாலும் போதும் என்று ஆகாத அமுது. சர்ஃபிட் ஆகவே முடியாத ஒன்று என்று அதை விளக்கினால் உங்கள் மகளுக்கு இரண்டு சொல்லும் ஒரே நேரத்தில் விளங்கும்.

வரம்பு கடத்தல் என்னும் பழைய பொருளுக்குக் கூட நம்மிடம் இணை உண்டு. மிகுதியைச் சொல்லும் உரிச்சொற்களில் 'கழி' ஒன்று என்று நன்னூல் கூறும். 'கழிதல்' என்னும் வினைக்குக் கடந்துபோதல் என்பதும் பொருள். மருந்து அதிகாரத்தில் வள்ளுவர், அளவறியாது உண்பவனைக் 'கழிபேர் இரையான்' என்று குறித்து, அவனிடம் நோய் நிலைத்து நிற்கும் என்கிறார். கடத்தல், மிகுதி, உணவு, நோய் என்று சர்ஃபிட் சில நூற்றாண்டுகளில் நடந்து சேர்ந்த நான்கு இடங்களும் அந்த ஒரு குறளுக்குள் இருக்கின்றன.

சிங்கப்பூரில் வளரும் பிள்ளைக்கு இதைவிடவும் நெருக்கமான விளக்கம் ஒன்று இருக்கிறது. உணவங்காடி நிலையத்தில் லக்சா சாப்பிடும்போது முதல் பத்து வாய்க்குத் தேங்காய்ப்பாலின் கொழுமை நாவைச் சுற்றிக்கொள்ளும். கிண்ணம் பாதியாகும்போது குழம்பு ஆறத் தொடங்கி, மேலே சிவந்த எண்ணெய் வட்டம் வட்டமாகத் திரளும், கரண்டி மெதுவாகும். அப்போது எதிரில் இருப்பவர் சீனராயினும் மலாய்க்காரராயினும் தமிழராயினும் சொல்லும் சொல் ஒன்றே: 'ஜெலாக்'. மலாய் மொழியிலிருந்து வந்து இந்தத் தீவின் எல்லா நாக்குகளிலும் ஏறிவிட்ட அச்சொல்லுக்கு, ஒன்றையே உண்டு உண்டு சலித்துப்போதல் என்று பொருள். சர்ஃபிட் என்றால் ஒருவரை ஜெலாக் ஆக்கும் வரை கொடுத்தல் என்று உங்கள் மகளிடம் சொல்லுங்கள். அவளுக்கு அகராதி வேண்டியிராது. ஆங்கிலத் தேர்வுத் தாளில் அதை எழுத முடியாதுதான். ஆனால் பொருள் உள்ளே இறங்கிவிட்டால் எழுதும் சொற்களை அவளே தேடிக்கொள்வாள்.

வினைச்சொல்லாக மொழிபெயர்க்கும்போது ஒரு சிக்கல் வரும். தெவிட்டு, திகட்டு என்பவற்றில் பெரும்பாலும் பண்டமே எழுவாய், இனிப்பு திகட்டுகிறது. ஆங்கிலத்தில் கொடுப்பவர் எழுவாயாகி, பெறுபவரைச் சர்ஃபிட் செய்கிறார். 'தெவிட்டச் செய்தார்கள்' என்று எழுதினால் இலக்கணப்படி பிழையில்லை. ஆனால் வேண்டுமென்றே வெறுப்பூட்டினார்கள் என்னும் தொனி வந்துவிடும். அன்பு மிகுதியால் செய்ததையும் அந்த ஆங்கில வினை குறிக்கும் என்பதால், இங்கே தமிழின் இரட்டித்த எச்சம்தான் கைகொடுக்கும். 'திகட்டத் திகட்டக் கொடுத்தார்கள்' என்னும்போது, கொடுத்தவர் கை ஓயாமல் நீள்வதும், வாங்கியவர் முகம் மாறுவதும் ஒருங்கே தெரிகின்றன. கல்யாண வீட்டில் இலையை மடித்த பிறகும் பாயச வாளியோடு வந்து நிற்பவரைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான தொடர் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே அந்த வாக்கியத்தைத் தமிழில் நான் இப்படி எழுதுவேன்: 'வந்த விருந்தினர்களுக்கு மூன்று நாளும் இனிப்பையும் இசையையும் திகட்டத் திகட்டக் கொடுத்தார்கள்.' விடைத்தாளில் உங்கள் மகள் எழுதியதோடு 'அவர்கள் இனி வேண்டாம் என்று வெறுக்கும் அளவுக்கு' என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் சில சொற்களைச் சேர்த்திருந்தால், விடுபட்ட பாதி மதிப்பெண்ணும் கிடைத்திருக்கும். பாடப்பகுதியின் அடுத்த வரியையும் அவளை ஒரு முறை படிக்கச் சொல்லுங்கள். விருந்தினர்கள் ஊர் திரும்பும் ஏக்கத்தைப் பற்றி அங்கே ஏதாவது இருந்தால், பொருளுக்கான தடயத்தை எழுதியவரே அருகில் வைத்திருக்கிறார் என்று பொருள்.